தெரியாத ஒட்டு

கிழிசலைக் காணோம். தேர்வுக்கென்று ஆசிரியை தன் கையாலேயே குறுக்காகக் கிழித்துக் கொடுத்த பழைய தாள் அது. இப்போது விளக்கடியில் எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் கிழிந்த சுவடே இல்லை.

பழைய நூல்களைச் செப்பனிடக் கற்றுத்தரும் அந்தப் பல்கலைக்கழகத் துறையில் அவள் வைத்ததுதான் சட்டம். போட்ட ஒட்டு ஆறடி தள்ளி நின்றால் தெரியக் கூடாது, ஆறங்குலத்தில் தெரிந்தாக வேண்டும், தண்ணீர் பட்டால் பிரிந்து வர வேண்டும். தவறினவர்களை வார்த்தையாலேயே தோலுரித்துவிடுவாள். எதிரே நின்ற மாணவிக்கு 'ஈரக்கை' என்று பெயர் வைத்ததும் அவள்தான். உள்ளங்கை வேர்த்து ஒருநாள் ஒரு தாள் பாழானது, அவ்வளவுதான். வகுப்பே சிரித்தது. பெயர் வைத்தவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். மாவுப் பசையின் புளித்த வாடையும், சரியாக மூடாத குழாயின் சொட்டும், அவ்வப்போது திணறித் திணறிச் சுற்றும் காற்றாடியும் தவிர மாலை வெளிச்சத்தில் அந்த அறையில் வேறொன்றும் இல்லை.

"வேற தாளை வச்சு ஏமாத்தறியா?"

"இல்ல மேடம். நீங்க குடுத்ததுதான்."

"அப்போ ஒட்டு எங்க?"

"தெரியக் கூடாதுன்னுதான் இவ்வளவு கஷ்டப்பட்டேன்."

"தெரியாத ஒட்டுக்குப் பேரு பொய். இந்தத் தடவையும் ஃபெயில். மூட்டையக் கட்டிட்டு வீடு போய்ச் சேரு."

அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ஈரக்கை அழவில்லை. எரிச்சலில் ஆசிரியை தாளைத் தூக்கித் தண்ணீர்த் தட்டில் போட்டாள்.

ஒரே கோடாகப் பிரியும் என்று பார்த்தால், நான்கு மூலையிலிருந்தும் இளகியது. எழுத்துகள் தனித்தனியே மிதந்தன. பிறகு அவையும் நார்நாராகப் போயின. கடைசியில் தட்டில் வெறும் கூழ்தான் கிடந்தது. முழுத்தாளுமே ஒட்டு. பழைய தாள் அதில் ஒரு துணுக்குகூட இல்லை.

"அசல் எங்க?" என்று கேட்டாள் ஆசிரியை.

"பத்திரமா இருக்கு மேடம்." ஈரக்கை பையைத் தோளில் மாட்டினாள். "இப்பத்தான் உங்க பாப்பாகூட கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்தேன். ரொம்ப சமத்து. அசையவே இல்ல."

பள்ளி விட்டதும் மகள் இங்கேதான் வருவாள். நடைபாதைக் கடைசி அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுக்கு விளையாட்டுத் துணை ஈரக்கைதான். அதுவரை அது வசதியாகத்தான் இருந்தது.

ஆசிரியை ஓடினாள்.

கதவருகே நின்று பார்த்தாள். மகள் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அதே கோணல் பின்னல். அதே வெடித்த உதடு. "அம்மா" என்று நிமிர்ந்து சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது. என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கிட்டே போனாள். குனிந்தாள். இன்னும் கிட்டே.

ஒட்டு எதுவும் தெரியவில்லை.

புருவத்துத் தழும்பும் தெரியவில்லை. போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து தையல் போட்ட தழும்பு. கன்னத்துப் பூனைமுடி இல்லை. மூச்சு இல்லை. பசை வாடை.

அழக் கூடாது. அழவே கூடாது.

ஒரு சொட்டு விழுந்துவிட்டது.

விழுந்த இடத்தில் கன்னம் தொய்ந்தது. ஓட்டை விழுந்தது. அதன் வழியே மேசை விளக்கு தெரிந்தது. துடைக்கப் போனாள். விரலோடு பாதி உதடு வந்தது.

"ஏம்மா அழற? அழாதம்மா."

மிச்ச உதடுதான் பேசியது. சின்னக் கை எம்பி அவள் கண்களைத் துடைத்தது. பிறகு மணிக்கட்டு மட்டும் கீழே இறங்கியது. ஐந்து விரல்களும் அம்மாவின் ஈரக் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன.