சைபர் காட்டிய மீற்றர்

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பழைய இரும்பு எடுப்பவர் வருவார். அதற்குள் மரம் கடையும் லேத் மெசின் ஒழுங்காக ஓட வேண்டும். ஓடாவிட்டால் அது அவருடைய லொறியில் ஏறிவிடும்.

"பனி கொட்டப்போகுது. கராஜிலை கார் நிக்கோணும், உந்த யானை இல்லை," என்று அம்மா வேரோனிக்கா சொல்லிவிட்டார்.

அப்பா அமிர்தநாதருக்கு அந்த மெசின்மேல் கொள்ளை ஆசை. ஆனால் அதற்கு மூன்று கம்பிகளில் மின்சாரம் வேண்டும். அவர்கள் குடியிருக்கும் வோபர்னில் வீடுகளுக்கு அப்படி வராது. ஆகவே, வீட்டு மின்சாரத்தை மூன்று கம்பி மின்சாரமாக்கும் மாற்றி ஒன்றை அவரே செய்தார். லேத்தைப் போட்டால், நனைந்த நாய்போல உதறியது.

"மூண்டு கம்பியிலையும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரண்ட் ஓடோணும்," என்றபடி அப்பா, நண்டுக் கொடுக்குப்போல வாய் உள்ள மீற்றரால் வயரைக் கவ்விப் பார்த்தார்.

சைபர்.

"உதுவும் பழுது."

"இது மூண்டாவது மீற்றர் அப்பா," என்றாள் பத்து வயது பேர்ணடெற். "ரெண்டைக் கடையிலை திருப்பிக் குடுத்தாச்சு. இது பக்கத்து வீட்டு ஜோசுவா அங்கிளின்ரை."

"அவன்ரை சாமான் எது ஒழுங்கா வேலை செய்தது? போன வருஷம் தந்த ஏணியும் வழுக்கினது."

"நீங்கள் அதைத் தலைகீழா வைச்சனீங்கள்."

அப்பா இருமினார். முகம் வாடியிருந்தது. பேர்ணடெற்றுக்குப் பாவமாக இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். மீற்றர் ஒரு தடித்த கறுப்பு வயரைக் கவ்வியிருந்தது. அதற்குள்தான் மூன்று கம்பிகளும் இருந்தன.

"அப்பா, வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலை மூண்டு பக்கமாக் கயிறு இழுத்தனாங்கள். நடுவிலை ஒரு வளையம். எல்லாருக்கும் முகம் சிவந்துபோச்சு. வளையம் அசையவேயில்லை."

"இப்ப ஏன் உந்தக் கதை?"

"வளையத்தை மட்டும் பாத்தால் ஒருத்தரும் இழுக்கேல்லை எண்டுதானே நினைப்பீங்கள்? நீங்கள் மூண்டு கம்பியையும் சேத்துக் கவ்வுறீங்கள்."

அப்பா மீற்றரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக.

"தெரிஞ்சுகொண்டே மூண்டு மீற்றர் மாத்தினீங்களோ?"

அவர் மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைத் தனித்தனியாகப் பிரித்தார். மகளைக் கதவடியில் நிற்கச் சொல்லிவிட்டு, மெசினைப் போட்டு ஒவ்வொன்றாகக் கவ்வினார். ஆறு அம்பியர். ஆறு. இரண்டு.

"ஒராள் நித்திரை," என்றாள் பேர்ணடெற்.

மறுபடி நிறுத்தி, சோம்பேறிக் கம்பிக்கு கப்பாசிற்றர் எனும் மின்தேக்கி இன்னொன்றைப் பூட்டினார். இப்போது ஐந்து, ஐந்து, நான்கு. லேத் பூனைபோல மெல்ல உறுமியது.

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. அம்மா உள்ளே வந்து காதுகொடுத்துக் கேட்டார். போய் லொறிக்காரரை அனுப்பிவிட்டு, பனி சுரண்டும் கட்டையோடு திரும்பினார்.

"யானை நிக்கட்டும். கார் வெளியிலை நிக்கும். காலமை நான் வேலைக்குப் போகமுதல் கண்ணாடியிலை பனி இருக்கக்கூடாது."

"ஓம், ஓம்," என்றார் அப்பா.

திங்கட்கிழமை விடிய எங்கும் வெள்ளை. அப்பா பாட்டுப் பாடியபடி கண்ணாடி முழுவதையும் சுரண்டி முடித்தார். பேர்ணடெற் யன்னலைத் திறந்தாள்.

"அப்பா, அது ஜோசுவா அங்கிளின்ரை கார்."

"முதலே சொல்லியிருக்கலாமெல்லோ, பிள்ளை?"

"நீங்கள் சந்தோசமாச் சுரண்டினீங்கள். குழப்ப மனம் வரேல்லை."