சிவக்க மறுத்த நீலம்

கேள்விக்குறிக்கு எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதையே அதுதான். அவள் தோழியோ நேர் எதிர். நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் சத்தம் வராது. அவளுக்குப் பூனைப்பாதம் என்று பெயர்.

அந்தப் பூனைப்பாதம்தான் இன்று பள்ளி அறிவியல் கண்காட்சியில் பேசப்போகிறாள்! பேருந்து ஓட்டும் அவள் அப்பா அதைக் கேட்பதற்கென்றே சீருடையோடு வந்திருந்தார். அவருடைய அடுத்த வண்டிக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

"பின்சீட்டு வரைக்கும் கேக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, வகுப்பின் கடைசியில் போய் நின்றார்.

"இது குளுக்கோஸ்..." என்று முணுமுணுத்தாள் பூனைப்பாதம். "நீலக் கரைசலோட சேர்த்துச் சூடாக்கினா, செங்கல் நிறமா மாறும்."

கண்ணாடிக் குழாய் கொதிநீரில் நின்றது. மூன்று நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடமும் ஆயிற்று. நீலம் அசையவே இல்லை.

"என்னப்பா, சிவப்பு நிறம் பஸ்ஸைத் தவறவிட்டுடுச்சா?" என்றான் ஒருவன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பூனைப்பாதத்தின் கண்கள் நிரம்பிவிட்டன.

கேள்விக்குறி சட்டெனக் கூட்டத்தில் தன் தம்பியைத் தேடினாள். குளுக்கோஸ் டப்பா அவள் வீட்டிலிருந்து வந்தது. அவன் கண்காட்சி பார்க்க வந்திருந்த அம்மாவின் பின்னால் நின்றபடி, மேலே சுற்றும் மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவனருகே போனாள். "டேய், டப்பாவைத் தொட்டியா?"

"ஒரு ஸ்பூன்தான்க்கா. அப்புறம் இன்னொரு ஸ்பூன். அப்புறம் டப்பா தானா தீர்ந்துபோச்சு. ஆனா சும்மா விடல, சர்க்கரையைப் பொடிச்சு ரொப்பி வெச்சுட்டேன்! ரெண்டும் இனிப்புதானே?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பழி முழுக்கப் பூனைப்பாதத்தின் தலையில் விழும். அதை நினைக்கவே கேள்விக்குறிக்கு வெட்கமாக இருந்தது.

"டீச்சர், தப்பு எங்க வீட்டோடது" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அது குளுக்கோஸ் இல்ல, சாதாரண சர்க்கரை."

"போகட்டும்மா. வேற குளுக்கோஸ் வாங்கி நாளைக்குச் செய்யலாம்" என்றார் டீச்சர்.

நாளைக்கு வண்டியை விட்டுவிட்டுப் பூனைப்பாதத்தின் அப்பா வர முடியாதே! கேள்விக்குறி மேசையைப் பார்த்தாள். அவர்கள் மணிகளைக் கோத்துச் செய்த மாதிரிகள் அங்கே இருந்தன. குளுக்கோஸுக்கு ஒரே வளையம். சர்க்கரைக்கு இரண்டு வளையங்கள், கம்பியால் இணைந்து.

"ஏய், சர்க்கரை மட்டும் ஏன் மாறல?" என்று தோழியிடம் கேட்டாள்.

பூனைப்பாதம் மூக்கை உறிஞ்சினாள். "குளுக்கோஸ் வளையம் திறந்துக்கும். அந்தத் திறந்த முனைதான் நீலத்தை மாத்தும். சர்க்கரையில ரெண்டு வளையமும் அந்த முனைகளாலதான் கோத்துக்கிட்டு இருக்கு. திறக்க வழியில்ல."

"அப்ப, பிரிச்சுவிட்டா?"

பூனைப்பாதம் ஒரு நொடி யோசித்தாள். "அமிலம் சேர்த்துச் சூடாக்கினா பிரிஞ்சுடும்!" என்று கத்தியேவிட்டாள்.

டீச்சர் புதுக் குழாயில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, தம் கையாலேயே நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டார். குழாய் கொதிநீரில் இறங்கியது. காத்திருந்த பத்து நிமிடமும் பூனைப்பாதம் பேசினாள்.

"பாருங்க, ரெண்டா பிரியுது. ஒண்ணு குளுக்கோஸ். இன்னொண்ணு ஃப்ரக்டோஸ், பழங்கள்ல இருக்கிற சர்க்கரை. இப்ப ரெண்டு வளையமுமே திறந்துக்கலாம்!" மணி மாதிரியைக் கழற்றி உயர்த்திக் காட்டினாள்.

அமிலத்தை அடக்கச் சமையல் சோடா போட்டதும் குழாய் புஸ்ஸென்று நுரைத்தது. பிறகு நீலக் கரைசல், மறுபடியும் கொதிநீர். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் நல்ல செங்கல் நிறம்!

"பாத்தியா, நான் மாத்தி வெச்சதாலதான்!" என்றான் தம்பி. அக்கா அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

பூனைப்பாதத்தின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார். ஓடியவர் நின்று திரும்பினார். கண்கள் ஈரமாக இருந்தன.

"பின்சீட்டு வரைக்கும் கேட்டுச்சும்மா!"