ஒளித்து வைத்த போல்ட்

“போல்ட் எங்க?”

வெல்டர் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கையில் ஸ்பானர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“எந்த போல்ட்டுங்க?” என்றாள் மனைவி, அடுப்பில் பால் பொங்குவதையே பார்த்தபடி.

“தெரியாத மாதிரி கேக்காதே! பிளேடை மேல பூட்டுற பெரிய போல்ட். நேத்து சாயங்காலம் கழட்டி மேஜை மேல வெச்சேன். ஷெட்டுக்குள்ள வர்றது நானும் நீயும்தான்!”

அவளுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான நாளிலிருந்தே வந்ததில்லை.

“நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். நீங்க இன்னைக்குப் பறக்க வேண்டாங்க...”

கேட்டும் கிரில்லும் கட்டில் காலும் பற்ற வைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஒரு நாள், நாமே ஒரு ஹெலிகாப்டர் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பழைய கார் எஞ்சின், இரும்புக் குழாய்கள், தானே செதுக்கி வார்னிஷ் அடித்த இரண்டு மரப் பிளேடுகள் என்று ஷெட்டில் சாமான்கள் சேர்ந்தன. தெரு விழுந்து விழுந்து சிரித்தது. ‘பைலட்டு’ என்று பட்டமும் வைத்தது. சிரிக்காதவள் இவள் ஒருத்திதான்.

பிளேடுகள் ஷெட்டை விட நீளமாக வளர்ந்துவிட்டன. என்ன செய்வது? ஷெட்டுக்கும் அவளுடைய தையல் அறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்தார். அன்றிலிருந்து அந்த இரண்டு பிளேடுகளின் பாதி உடம்பு அவள் அறையில்தான் குடியிருந்தது. அளவு கொடுக்க வந்தவர்களை எல்லாம் “தலையைக் குனிஞ்சு வாங்க” என்றே வரவேற்றாள். பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஆசை இருந்தது. போகவில்லை. போனால் ஹெலிகாப்டருக்கு எதிரே யார் நிற்பது?

ஆமாம், நிற்க ஆள் வேண்டும். வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில், நான்கு சிமென்ட் கட்டைகளில் கயிறு கட்டி, இடுப்பு உயரத்துக்கு எழும்பி எழும்பித்தான் அவர் தனக்குத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். எஞ்சின் போடும் சத்தத்தில் காது எதற்கும் உதவாது. எதிரே அவள் நின்று கையைக் காட்டுவாள். ஏற்று, இறக்கு, இடது பக்கம் சாய்கிறது, போதும். மாதக்கணக்கில் வெயிலில் நின்று அவள் முகமே கறுத்துப் போயிற்று. அதை யாரும் தியாகம் என்று சொன்னதில்லை. ‘பொழுது போகாமல் நிற்கிறாள்’ என்றுதான் நினைத்தார்கள்.

இன்றைக்குக் கயிற்றை அவிழ்த்துவிட்டு முதல் முறையாக மேலே போகிறார். கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். மைதானத்தில் நாற்காலி போடும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. இந்த நேரத்தில் போல்ட்டைக் காணவில்லை என்றால் மனிதருக்குக் கோபம் வராதா?

“ஏன் பறக்கக் கூடாது? சொல்லு!”

“நேத்தே சொன்னேனேங்க... பிளேடு சுத்தும்போது ஓரம் ஒரே கோடாத் தெரியும். நேத்து ரெண்டு கோடாத் தெரிஞ்சுது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஏதோ சரியில்ல.”

“அது கயிறு இழுக்குற ஆட்டம்டி! கயிறை அவுத்துட்டா சரியாப் போயிடும்னு எத்தனை தடவை சொல்றது?”

அவர் கண்ட ஒரே பதில் அதுதான். குலுங்கினாலும் கயிறு, சாய்ந்தாலும் கயிறு. கட்டிப் போட்டே பழகியவருக்கு எல்லாக் குற்றமும் கயிற்றின் மேல்தான்.

சத்தம் கேட்டு மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பின்னாலேயே கொழுந்தன்.

“நல்ல காரியத்துக்குக் கிளம்புற நேரத்துல இப்படியாம்மா குறுக்க நிப்ப? ஊரே வந்து உக்காந்திருக்கு. என் புள்ள தலை குனியணுமா?” என்றாள் மாமியார்.

“அண்ணி, போல்ட்டைக் குடுத்துடுங்க. எனக்கும் மானம் போயிடும்” என்றான் கொழுந்தன்.

“தம்பி, உங்க மானம் போனா நாளைக்கு வந்துடும்...” என்றாள் அவள்.

வெல்டர் ஸ்பானரைத் தரையில் வீசினார். “நான் ஜெயிக்கிறது உனக்குப் பிடிக்கல. இத்தனை நாளா கூட நின்னதெல்லாம் வேஷம்! என்னை நம்பாதவ என் வீட்டுல இருக்க வேண்டாம். உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு!”

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு, போல்ட்டை எடுத்து, முந்தானையால் துடைத்தாள்.

“போயிடறேங்க. ஆனா ஒரே ஒரு தடவை அந்த ரெண்டு பிளேடையும் என் கண்ணு முன்னால நிறுத்துப் பாருங்க. சமமா இருந்தா, நானே இந்தப் போல்ட்டை முடுக்கிக் குடுத்துட்டு, திரும்பிப் பாக்காமப் போறேன்!”

“மழைக்கு முன்னாலதான் நிறுத்துச் சமம் பண்ணினேன். ஒரு நூல் வித்தியாசம் கிடையாது.”

“அப்ப என்ன பயம்?”

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனார். கொழுந்தன் ஒரு முனையைப் பிடித்தான். இரண்டு பிளேடுகளையும் நடுத்துண்டில் பூட்டி, அடியில் ஒரு மெல்லிய கம்பியைக் கொடுத்துத் தராசு போல நிறுத்தினார்கள். “இப்பப் பாரு” என்று வெல்டர் கையை எடுத்தார்.

ஒரு பக்கம் சரிந்தது. மெதுவாகக்கூட இல்லை. முனை தரையில் தட்டென்று விழுந்தது.

கொழுந்தன் வாயைப் பிளந்தான். வெல்டர் மறுபடி நிறுத்தினார். மறுபடி அதே பக்கம்தான் விழுந்தது. கனம் கூடிய பிளேடோடு கயிறில்லாமல் மேலே போயிருந்தால்... அந்த நினைப்பு அப்படியே கோபமாகத் திரும்பியது.

“சமமா இருந்த பிளேடு எப்படிக் கனம் ஏறுச்சு? இந்தப் பிளேடுல பாதி உன் ரூம்லதானே இருந்துச்சு... என்ன பண்ணின? சொல்லுடி! என்ன பண்ணின?”

அவள் வாயைத் திறக்கவில்லை.

“பாத்தியா? பதில் இல்ல! நீயே ஏதோ பண்ணிட்டு, நீயே கண்டுபிடிச்ச மாதிரி நடிக்கிற!”

கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். சுவரை இடித்த நாளிலிருந்து அம்மாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சில வாரமாகத்தான் “சாப்பிட்டியா” என்ற அளவுக்காவது வந்திருக்கிறார்கள். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பழி தன் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும்!

அவள் தையல் அறைக்குள் போய்ப் பையில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

பின்னாலேயே வந்து நின்ற மாமியார் மட்டும் சரிந்து கிடந்த பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேய்... ஈரம் பட்டா மரம் கனக்குமாடா?”

“கனக்கும். முனையில வார்னிஷ் தேய்ஞ்ச இடத்துல தண்ணி உள்ள இறங்கும். ஏம்மா?” என்றார் வெல்டர்.

மாமியார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான்டா! மழையில போர்வை காயவே இல்ல. மாடி ஏற எனக்கு முழங்கால் எங்க இருக்கு? நல்லா நீளமா கொடி மாதிரி இருக்கேன்னு அவ ரூம்ல இது மேல போட்டுட்டேன். ராத்திரி பூரா சொட்டிட்டுக் கிடந்துது... காலையில அவதான் எடுத்துப் போட்டுத் தொடைச்சா. ஒரு வார்த்தை என்னைக் கேக்கல!”



“ஊரே சிரிச்ச ஹெலிகாப்டரு... அதைக் கடைசியில கொடியாக்கினது பெத்த அம்மாவா!” என்று கொழுந்தன் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

மாமியார் எழுந்து, வலியை மறந்து தையல் அறைக்குள் ஓடினாள். மருமகள் மடித்து வைத்த துணிகளைப் பையிலிருந்து வாரி வெளியே போட்டாள்.

“வாயைத் திறந்து சொன்னா என்னடி? உன்னை வீட்டை விட்டுப் போகச் சொல்றான், அப்பவும் என்னைக் காட்டிக் குடுக்காம நிக்கிறியே... என் புள்ள உசுரையும் காப்பாத்திட்டு, பழியையும் நீயே சுமப்பியா? நான் உனக்கு என்னடி பண்ணினேன், இப்படி என்னை அழ வைக்கிற!”

“அத்தை... விடுங்க அத்தை. இப்பத்தானே ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சீங்க...”

இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இடித்த சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற வெல்டர் அதைப் பார்த்தார். வந்து பக்கத்தில் நின்றார்.

“நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு. எதுத்தாப்புல நின்னு பாத்தது நீ. கண்ணை நம்பாம கயித்தைக் குத்தம் சொன்னேன். மன்னிச்சிடு...” என்றார்.

“மொதல்ல அத்தை மேல கோவிக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“கோவமா? என் ஷெட்டுல எல்லாருக்கும் உபயோகமான சாமான் அந்தப் பிளேடு ஒண்ணுதான் போலிருக்கு” என்றார். அழுகைக்கு நடுவே மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் மைதானத்துக்குப் போய், நாற்காலிகளுக்கு முன்னால் நின்று உரக்கச் சொன்னார். “இன்னைக்குப் பறக்கல. பறந்திருந்தா இந்நேரம் என்னை அள்ளி எடுத்துட்டு இருப்பீங்க. தடுத்தது என் சம்சாரம். அவ சொல்ற அன்னைக்குத்தான் இது மேல போகும்!” கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக யாரும் ‘பைலட்டு’ என்று கேலி செய்யவில்லை.

பிளேடு காய நாளானது. மறுபடி வார்னிஷ், மறுபடி தராசு. இந்தத் தடவை நிறுத்துப் பார்த்து, போல்ட்டை முடுக்கியது அவள் கைதான். கூட்டத்தைக் கூப்பிடவில்லை. வீட்டு மனிதர்கள் மட்டும் நின்றார்கள்.

கயிறில்லாத ஹெலிகாப்டர் தரையை விட்டது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அது வீட்டுக் கூரை உயரம் போயிற்று, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிற்று, கொஞ்சம் தடுமாறி, வந்து இறங்கிற்று.

எஞ்சின் அடங்கியது. பிளேடும் நின்றது. ஆனால் வெல்டர் இறங்கவில்லை. பதறிப்போய் அவள் ஓடினாள்.

“என்னங்க? என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல... கால் நடுங்குது. இறங்க முடியல.” சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மேல போனதும் பயந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“பயப்படுங்க. நல்லா பயப்படுங்க... இத்தனை நாளா இந்த வீட்டுல நான் ஒருத்தியே பயந்துட்டு இருந்தேன்!”