பகல் தூக்கம்

மேலூர் வீட்டுக்கு அவர்கள் வந்து இறங்கியபோது நல்ல வெயில். வீரமலை குட்டி யானை வண்டியிலிருந்து கட்டிலையும் கேஸ் அடுப்பையும் இறக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வள்ளிக்கண்ணு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்ரீரங்கத்துத் தெருக்கள் முடிந்து வாழைத்தோட்டம் தொடங்கும் இடத்தில் இருந்த பழைய ஓட்டு வீடு அது. மூன்று பக்கமும் வாழை. காற்றே இல்லாத நேரத்தில்கூட எங்கோ ஓர் இலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் வேலை பார்க்கும் வீரமலைக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. இரவு முழுக்க அழும், பகலிலும் சரியாகத் தூங்காது. ஒத்தாசைக்கு முசிறியிலிருந்து வீரமலையின் அக்கா வீராயி வந்திருந்தாள்.

"வசம்பச் சுட்டு, லேசா உரைச்சு நாக்குல தடவுனா பாப்பா அசந்து தூங்கும் வள்ளி" என்றாள் அவள்.

அன்று வீட்டுக்கு வந்த நர்ஸ் ஜெஸ்லின் அதைக் கேட்டுப் பதறிவிட்டாள். "வேணாங்க. தாய்ப்பால் தவிர எதுவும் நாக்குல வைக்கக் கூடாது." பிறகு வள்ளிக்குப் பொறுமையாகச் சொன்னாள். "பகல்ல ஜன்னலத் திறந்து வைங்கக்கா, வெளிச்சமும் சத்தமும் இருக்கட்டும். ராத்திரி இருட்டு, மெதுவான பேச்சு. கண்ணு சொக்கும்போதே படுக்கப் போட்டுடுங்க, தட்ட வேணாம், தானா தூங்கப் பழகும். மல்லாக்கத்தான் போடணும். ரொம்ப நேரம் தூங்கினா எழுப்பிப் பால் கொடுங்க."

வீராயியின் முகம் சுருங்கியதை வள்ளி கவனித்தாள்.

மறுநாள் மதியம் குழந்தையைக் கண் சொக்கும்போதே கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு வள்ளி அடுப்படிக்குப் போனாள். குழந்தை சிணுங்கியது. பிறகு அறையிலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. உள்ளங்கையால் தட்டும் சத்தம். தப்... தப்... தப்...

தட்ட வேண்டாமென்றால் அண்ணி கேட்கிறாளா என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் குழந்தை தூங்கியது. அதுவே போதும் என்றிருந்தது.

அதன்பின் தினமும் தூங்கியது. முதலில் மதியம். பிறகு காலையிலும். போகப்போக எழுப்பினாலும் எழவில்லை. வள்ளிக்குப் பால் கட்டி நெஞ்சு வலித்தது. குழந்தை வாயைத் திறக்காமல் கிடந்தது. கன்னம் வற்றிக்கொண்டே வந்தது.

ஒரு காலையில் குழந்தையின் முகத்தருகே குனிந்தவள் அப்படியே நின்றாள்.

வசம்பு வாசனை.

உதட்டை விலக்கிப் பார்த்தாள். நாக்கில் மெல்லிய கறுப்புத் தீற்றல்.

வீராயி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வள்ளி அவளுடைய பையைக் கட்டிலில் கொட்டினாள். புடவை, சீப்பு, வெற்றிலைப் பொட்டலம். வேறு எதுவும் இல்லை. ஈரக் கையோடு வாசலில் வந்து நின்ற வீராயி அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன தேடுற?"

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க அண்ணி? என் புள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"என் தம்பி புள்ளைக்கு நான் கெடுதல் பண்ணுவேனா? அந்தப் பொண்ணு சொன்னப்புறம் நான் வசம்பத் தொடவே இல்ல."

வள்ளி நம்பவில்லை. வீரமலை மண்டியிலிருந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்று தவித்தான். கடைசியில் அக்காவைப் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினான். வாசல் படலருகே வீராயி திரும்பினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்குறேன் வள்ளி. தட்டக் கூடாதுன்னு சொல்லிட்டு, தினம் மத்தியானம் நீயே ஏன் தட்டித் தூங்க வைக்கிற?"

"நானா? நீங்கதானே தட்டுனீங்க?"

வீராயி வீட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு வேகமாக நடந்தாள்.

தப்பிக்கப் பார்க்கிறாள் என்றே வள்ளி நினைத்தாள். உள்ளே வந்து குழந்தையை வற்புறுத்தி எழுப்பினாள். கொஞ்சம் குடித்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, ஜன்னலை அகலத் திறந்துவிட்டுத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு வந்தாள். இனி பயமில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

தப்.

சொம்பு கையிலேயே நின்றது.

தப்... தப்...

வாழைத்தோட்டத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"அண்ணி?" என்றாள்.

அறை வாசலுக்குப் போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. அந்த மங்கலில் வசம்பு வாசனை தொண்டையை அடைத்தது. குழந்தை குப்புறக் கிடந்தது. முகம் மெத்தையில் புதைந்திருந்தது. அதன் முதுகில் வெள்ளைச் சட்டை ஓரிடத்தில் மட்டும் அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது.

ஒரு உள்ளங்கை அகலத்துக்கு.

வள்ளி பாய்ந்து குழந்தையை அள்ளினாள். ஒரு கணம் அது வரவில்லை. யாரோ விடாமல் அழுத்திப் பிடித்திருந்தார்கள். பல்லைக் கடித்து இழுத்தாள். கையோடு வந்தது. செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி, எதிரே வந்த ஆட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தை பிழைத்தது. டாக்டர் நாக்கின் கறுப்பைப் பார்த்துவிட்டு வள்ளியைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். "உண்மையச் சொல்லும்மா. என்ன கொடுத்த?"

மேலூர் வீட்டுக்கு அவள் திரும்பவில்லை. சாமான்களை வீரமலை எடுத்து வந்தான். காந்தி மார்க்கெட் பக்கம் வரகனேரியில் நெருக்கமான ஒரு காம்பவுண்டில், சுற்றிலும் ஆட்கள் இருக்கும் வீடாகப் பார்த்துக் குடிவந்தார்கள். வள்ளி முசிறிக்குப் போய் வீராயியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீராயி மறுபேச்சில்லாமல் கூடவே வந்துவிட்டாள். ஜெஸ்லின் சொன்னபடியே வெளிச்சத்தையும் இருட்டையும் பழக்கினார்கள். குழந்தை பசித்தால் அழுதது, குடித்தது, தானாகத் தூங்கியது. அது அழும்போதெல்லாம் வள்ளிக்கு நிம்மதியாக இருந்தது.

தடுப்பூசி நாளில் இருவரும் குழந்தையை ஜெஸ்லினின் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஹாலில் கூட்டமும் இரைச்சலுமாக இருந்தது. ஜெஸ்லின் குழந்தையை வாங்கி எடை மெஷினில் கிடத்தினாள். குழந்தை சிரித்துக்கொண்டே கிடந்தது. ஜெஸ்லின் எண்களைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். மெஷினை அணைத்து மறுபடி போட்டாள்.

"நம்பர் நிக்காம ஏறிட்டே போகுது. பாப்பா மேலருந்து கையை எடுங்கக்கா" என்றாள் நிமிராமல்.

வள்ளியின் இரண்டு கைகளும் வீராயியின் கைக்குள் இருந்தன.

குழந்தையின் சிரிப்பு நின்றது. கண்கள் மெல்லச் சொக்கின.