காட்டுப் பாடத்துக்கு ஒரு காடு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுப்பைகளைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, வரிசையில் நின்று மழை வாசனையை மூக்கில் விட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டு சொட்டு. பிறகு காதுக்குப் பின்னால் இருந்த துளையில் நினைவுச்சில்லைச் செருகிக்கொண்டு கண்ணை மூடினார்கள். மணி அடித்துக் கண் திறந்தபோது, பூமியில் இருந்த அத்தனை மரங்களின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க் கிரகத்தின் கூரைநகரில் காட்டுப் பாடம் இப்படித்தான் நடந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த உமையாள், கல்வித்துறையின் பாட மதிப்பீட்டாளர். பாடம் பயன்படுகிறதா என்று சொல்வதும், அதற்குப் புதிய வளங்களைத் தேடித் தருவதும் அவள் வேலை. தேர்வில் எல்லோரும் முழு மதிப்பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மனம் கேளாமல் ஒரு சிறுமியிடம், காட்டில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டாள். சிறுமி கொஞ்சம் யோசித்தாள்.

“அது பாடத்துல இல்லீங்களே” என்றாள்.

அந்தப் பதில் உமையாளைத் தூங்கவிடவில்லை. ஆவணக்கூடத்தைச் சலித்து, பழைய படங்களையும் பறவைக் குரல்களையும் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். பிள்ளைகள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். அவள் படும் பாட்டைப் பார்த்த வகுப்பாசிரியர் சவரிமுத்து, அதிகம் பேசாத மனிதர், ஒரு நாள் பள்ளி விட்டதும் தன்னோடு வரச் சொன்னார்.

நகரத்துக்கு அடியில், கைவிடப்பட்ட பழைய கழிவுநீர்ச் சுரங்கத்துக்கு அழைத்துப்போனார். முதலில் குடியேறியவர்கள் தின்று துப்பிய கொட்டைகள் அங்கே அடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தன. மேலிருந்து இறங்கிய ஒளிக்குழாய்கள் இன்னும் வேலை செய்தன. யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் புளியும் நாவலும் கொய்யாவும் வேம்பும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து வளர்ந்திருந்தன. உமையாள் ஒரு மரத்தைத் தொட்டாள். இவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று எந்தச் சில்லும் அவளுக்குச் சொன்னதில்லை. எறும்பு ஒன்று அவள் விரலில் ஏறியது. அவளுக்கு அழுகை வந்தது.

இந்த இடத்தைக் கண்டுபிடித்தது தன் மனைவி ரோசலின் என்றார் சவரிமுத்து. நுரையீரல் கெட்டுப்போன கடைசி மாதங்களில் இங்கே வந்து உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராக வருமாம். இறந்தவர்களை மறுசுழற்சி ஆலைக்குத் தரவேண்டும் என்பது நகரத்தின் சட்டம். அவர் தரவில்லை.

“அந்த நாவல் மரத்தடியிலதான் இருக்கா. இதை எழுதாதீங்க மேடம். எழுதினா வந்துருவாங்க.”

“பாதுகாக்க வேண்டிய இடம்னு எழுதினா யாரும் கை வைக்க முடியாது, சார். பிள்ளைங்க ஒரு தடவையாவது பாக்கணும்ல?”

அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ரோசலினைப் பற்றி மட்டும் சொல்லாமல், உமையாள் எழுதினாள். தன் வாழ்நாளில் இவ்வளவு ஆசையோடு அவள் எந்த அறிக்கையையும் எழுதியதில்லை.

துறை அதைக் கொண்டாடியது. எல்லாப் பிள்ளைகளும் பார்த்தே ஆகவேண்டும் என்று அன்றே முடிவானது. பிள்ளைகள் வருவதென்றால் தரை சமமாக இருக்கவேண்டும். வேர்கள் காற்றழுத்தச் சுவரைப் பிளந்துவிடக்கூடும். எறும்பு கடிக்கும். மரங்களை வெட்ட வேண்டாம் என்று உமையாள் ஓடிப்போய்க் கெஞ்சியபோது, இயக்குநர் பரஞ்சோதி பொறுமையாகவே விளக்கினார்: ஒரு இலை விடாமல் பதிவு செய்த பிறகுதான் வெட்டுகிறார்கள், அந்த இடத்தில் வருவது இந்தக் கிரகத்திலேயே பெரிய வனக் கல்வி மையம்.

வெட்டிய அன்று சவரிமுத்து சுரங்க வாசலில் நின்றார். உமையாளும் போய்ப் பக்கத்தில் நின்றாள். நாவல் மரம் சாய்ந்த சத்தம் கேட்டதும், அடியில் இருந்த மண்ணை ஒரு கைப்பிடி தரச் சொல்லி அவர் பணியாளர்களிடம் கேட்டார். கிருமி இருக்கும் என்று மறுத்துவிட்டார்கள். கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவளைத் திட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை, நடந்துபோய்விட்டார். மறுவாரம் வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

மையம் பளபளவென்று எழுந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பரஞ்சோதி உமையாளைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம் தெரிந்தது.

“ஆளுநர் அம்மா மரக்கன்னு ஒண்ணு நட்டுத் திறந்துவைக்கிறதா ஏற்பாடு. போட்டோவுக்கு நிஜமான கன்னுதான் வேணுமாம். நகரம் முழுக்கத் தேடியாச்சு, ஒண்ணுகூட இல்லை. இந்த மாதிரி வளமெல்லாம் தேடித் தர்றது உங்க வேலைதானே, உமையாள். எங்கே கிடைக்கும்?”