எதிர் நாற்காலி

அந்தப் பிரம்பு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் இருக்கை லேசாகக் குழிந்திருந்தது. பழைய நாற்காலி, எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்தது, குழியாமல் என்ன செய்யும் என்று அன்னக்கொடி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புருஷன் உக்கிரபாண்டி லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பசியுமில்லை. அடுப்பில் கை சுட்டால்கூட யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றது. அவன் குடித்துவிட்டு அடித்த அடியை ஊரா வாங்கியது? மகள் அழகம்மாள் இப்போதுதான் பயமில்லாமல் தூங்குகிறாள். அதற்காகவே அவன் போனது நல்லது என்று நினைத்தாள். அண்ணன் காளைதான் மனசு கேட்காமல், தல்லாகுளத்தில் மனநோய்க்குப் பேச்சாலேயே வைத்தியம் பார்க்கும் சூடாமணியிடம் அவளைச் சேர்த்துவிட்டிருந்தான்.

"உங்க வீட்டுக்காரர் எதிர்ல அந்த நாற்காலியில இருக்கார்னு நெனச்சுக்கிட்டு, மனசுல உள்ளத அவர்கிட்டயே சொல்லுங்கம்மா," என்றாள் சூடாமணி.

சொன்னாள். உதைபட்டது, பிள்ளை தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்தது, எல்லாம். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வெளியே பஸ் இரைச்சல், பூக்காரியின் கூவல், தலைக்குமேல் மின்விசிறியின் கடகட, இத்தனைக்கும் அடியில், ஆள் முன்னால் சாய்ந்து காது கொடுப்பதுபோலப் பிரம்பு நெரியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"போதும்மா. இப்ப அவர வழியனுப்பி வச்சிருங்க."

எழவு வீட்டில்தான் போய் வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்புவார்கள். மற்றபடி யாரையும் வெறும் 'போ' என்று அனுப்புவது அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்கு அது சுடுகாட்டையும் தாண்டிப்போனது. தினமும் வாசலில் நின்று அவனுக்குச் சொன்னதையே வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாங்க."

பிரம்பு நெரிவது நின்றது.

வீடு திரும்பும் ஒத்தக்கடை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஆனால் அவள் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. உட்காரப்போன ஒருத்தி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நகர்ந்துபோனாள். சாராயமும் பீடியும் கலந்த வாடை. அன்னக்கொடிக்குப் பயம்கூட வரவில்லை. உடம்பு தானாக ஜன்னலோரம் ஒடுங்கி இடம் விட்டது.

தெருமுனையில் இறங்கியதும் வாடை அவளை முந்திக்கொண்டு போனது. நடக்கும்போதுதான் உறைத்தது. என்ன சொன்னோம். யாரை வரச் சொன்னோம்.

ஓடினாள்.

கதவு திறந்துகிடந்தது. விளக்கில்லை. அதே வாடை.

அழகம்மாள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண் மூடவில்லை.

"சத்தம் போடாதம்மா. அப்பா இப்பத்தான் படுத்தாரு."

அன்னக்கொடிக்கு இத்தனை நாள் வராத அழுகை பொங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்திரிச்சு வா கண்ணு. வெளிய போயிருவோம்."

"முடியலம்மா."

பிள்ளையின் சடை பாயில் கிடக்கவில்லை. யாரோ கையில் சுற்றிப் பிடித்ததுபோல, இருட்டுக்குள் விறைப்பாக நீண்டிருந்தது.