முதலில் கண்ட நாள்

அன்று வதனி கூப்பிடுவதற்கு முன்பே மீன்கள் வந்துவிட்டன. கண்ணே இல்லாத பதினொரு மீன்கள், விரல் நீளம், வெந்த சோற்றின் நிறம், தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு வரிசையாக அவளைப் பார்த்து நின்றன. வழக்கமாக, "கம்சாயினி" என்று குரல் கொடுத்தால்தான் இரைக்கு வரும். அவள் பழக்கிய பழக்கம் என்றும் சொல்ல முடியாது; முதல் நாள் சும்மா கூப்பிட்டுப் பார்த்தாள், வந்தன.

கம்சாயினி அவளுடைய மகள். கடல் வந்த அன்று ஆறு வயது. உடல் கிடைக்கவே இல்லை.

அண்ணன் உதயரூபன் விலங்கியல் படிப்பிப்பவன். சண்டை முடிந்து வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிய கையோடு, புது உயிரினம் தேடப் பணம் கொடுக்கும் ஒரு கோடீஸ்வரரைப் பிடித்துக்கொண்டு களுதாவளைக்கு வந்தான். கடலோரம் இடிந்து கிடந்த சொந்த வீட்டுக் கிணற்றில் இந்த மீனைப் பிடித்தான். உலகத்தில் யாரும் கண்டிராத மீனாம். "இதுக்குப் புள்ளைட பேரத்தான் வைப்பன், வதனி. உலகம் அழியுமட்டும் அந்தப் பேர் நிக்கும்," என்றான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் மாதக்கணக்காகத் தொட்டி கழுவினாள், சேற்றில் புழு பொறுக்கினாள், சோறு தின்னும்போதும் கையில் அடிக்கும் அந்தப் பாசி நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது மேசையில், கோடீஸ்வரருக்குப் போகும் அறிக்கை கிடந்தது. மீனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய மனைவியின் பெயர் இருந்தது.

பாவி. கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது!

அடுத்த வரியைப் பார்த்தாள். முதலில் கண்ட நாள்: 26 டிசம்பர் 2004. கடல் வந்த நாள்.

வெளியே மாரி மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று பட்டணத்தை விட்டு அசையவே இல்லை என்றுதானே அண்ணன் சொன்னான்? கடல் வடிந்த பிறகு, உப்புப் போகட்டும் என்று ஊரில் எல்லாரும் கிணறு இறைத்தார்கள். இவர்கள் கிணற்றை மட்டும் அண்ணன் இறைக்க விடவில்லை. "அந்த வளவப் பாத்தா நீ தாங்க மாட்டாய்," என்று சொல்லி, சீமெந்து மூடி போட்டு அடைத்தான். என்ன பாசம் என்று நினைத்து அவள் அழுதிருக்கிறாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உதயரூபன் கைவலையும் மருந்துப் போத்தலுமாக உள்ளே வந்தான்.

"தள்ளு புள்ள. எல்லாத்தையும் போத்தல்ல போட்டு நாளைக்கு அனுப்போணும்."

"பேர மாத்திட்டீங்க."

"காசு தந்தவர் கேக்கிறார். நான் என்ன செய்யிற?"

"அந்தத் திகதி?"

தண்ணீருக்குள் போன வலை நின்றது.

"ஆர் முந்திக் கண்டதெண்டு கேப்பாங்கள். அதான் எழுதின."

"அண்டைக்கு நீங்க கிணத்துக்குள்ள பாத்தீங்களா, அண்ணா?"

தொட்டியின் காற்றுக் குழாய் களக் களக் என்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

"உசிரோடதான் கிடந்தாள். மாமா, கையத் தாங்க எண்டு கத்தினவள். மத்த அலை வருது, வதனி. நான் ஓடிட்டன்."

"மறுகா?"

"மறுகா வந்து பாத்த. சத்தம் இல்ல. மீன் மட்டும்தான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஐந்து வருடம் இந்த வாயைத்தான் நம்பினாள்.

கண்ணாடியில் ஒரு மீனும் இல்லை. பதினொன்றும் அவன் கையைச் சுற்றி நின்றன. அசையாமல்.

உதயரூபன் கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. மற்றக் கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தான்.

முழங்கை நனைந்தது. பிறகு தோள்.

தொட்டி ஒரு சாண் ஆழம்தான். வதனி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். வெறும் நிலம்.

"வதனி! விடச் சொல்லு! உன்ட புள்ளைய விடச் சொல்லு!"

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அவன் கன்னம் தண்ணீரைத் தொட்டது. அவனுடைய தோளுக்குப் பக்கத்தில், ஊறி வெளுத்த சின்னக் கை ஒன்று மேலே வந்து, பிடிப்பதற்கு அவன் தலைமயிரைத் தேடியது.